எழுத்து அண்ணாச்சிக்கு, ஞாபகம் தம்பிக்கு

சிவப்பு ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஓடுவது கறுப்புக் கரைதான், குழி இல்லை என்று காந்திமதிநாதனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன புண்ணியம், கால் நம்ப மாட்டேன் என்கிறதே. சற்று முன் மண்டபத்துக்குள் நுழைந்தபோது வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி அந்தக் கரையை ஒரே எட்டாகத் தாண்டித்தான் வந்தார். பின்னால் ஆவுடையம்மாள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. கல்யாணமான நாள் முதல் கேட்டுப் பழகிய சத்தம், வீட்டுக்காரர் மானத்தை வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் வருவது. நல்லவேளை, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து யாரோ, “சம்பந்தி என்னமா துள்ளிக்கிட்டு வாராரு, மக கல்யாணச் சந்தோசம்லா” என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பதில் இன்னும் ஒரு கோளாறும் இல்லை. வாசிப்பதில்தான் கோளாறு. இன்னும் கொஞ்ச நேரத்தில் லக்னப் பத்திரிகை வாசித்தாக வேண்டும். இவர்கள் வீட்டில் ஐயர் வாசிக்கிற வழக்கம் இல்லை. பெண்ணைப் பெற்றவன் எழுந்து நின்று, சபைக்குக் கேட்கிற மாதிரி தானே வாசித்து, அதைத் தாம்பாளத்தில் வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷமாக அவருக்கு எழுத்து கூடி வருவதில்லை. இந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் ஆவுடையம்மாளும். பெற்ற மகளிடமே கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறது. கூடப் பிறந்த அண்ணாச்சிக்கு மறதி நோய் என்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், வயசானால் வரத்தானே செய்யும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். தம்பிக்கும் அதேதான் என்று தெரிந்தால்? குடும்பத்தில் ஓடுகிறது என்பார்கள், பெண்ணுக்கும் வரும் என்பார்கள், வைத்த தட்டை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வண்டி ஏறிவிடுவார்கள். இதுதான் அவருடைய பயம், வேறொன்றும் இல்லை.

“எலேய் காந்தி, இது யாருக்குடே விசேசம்?” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணாச்சி. “நம்ம லோசனிக்கு, அண்ணாச்சி. நிச்சயதார்த்தம்.” “அடப்பாவி, எங்கிட்டச் சொல்லவே இல்லியே! மாப்ள எந்தூரு?” “தென்காசி.” “தென்காசியா! வருசா வருசம் சாரல்ல நனையலாம்லா!” அண்ணாச்சியின் சந்தோஷம் நாற்காலியையே ஆட்டியது. வீட்டில் கிளம்பும்போதும் இதே சந்தோஷம்தான், காரில் வரும்போதும் இதே சாரல்தான். ஒரே நல்ல செய்தியை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் முழுச் சந்தோஷத்தை வாங்கிக்கொள்கிற பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தார். அண்ணாச்சி சங்கரலிங்கம் பத்திரம் எழுதியவர். பாளையங்கோட்டையில் பாதி வீடுகள் அவர் எழுத்தில் கை மாறியவை. எழுதியதை வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அவர் உரக்கப் படித்துக் காட்டினால், வில்லங்கமான ஆள்கூட எழுந்து நின்று கேட்பான். இப்போது தோசை சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து இன்னும் தோசை போடவில்லையே என்கிறார். ஆனால் எழுத்தைக் கண்டால் விடுவதில்லை. காரில் வரும் வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தார். இங்கு பஞ்சர் ஒட்டப்படும். இங்கே சிறுநீர் கழிக்காதீர். அன்புடன் அழைக்கும் வட்டச் செயலாளர். மாவு அரைத்துத் தரப்படும். அவர் மாவு என்றதும் தம்பி, “அப்ப மார்க்கெட் தாண்டியாச்சு, அடுத்த தெருவுல சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும்” என்று டிரைவருக்கு வழி சொன்னார். படித்தவருக்கு எந்த இடம் என்று தெரியவில்லை, இடம் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை. டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிக் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினான். பாவம், ரோட்டையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

கண்ணாடி. இதில் பெரிய கூத்தே அதுதான். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர் காந்திமதிநாதன், டவுனில் ரத வீதியில் கடை. பெற்ற பெண்ணுக்கே மீனலோசனி என்று கண்ணில்தான் பெயர் வைத்தார். அவருக்கு முதலில் பேப்பரில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கியபோது லென்ஸைச் சந்தேகப்பட்டார், மாற்றினார். பிறகு பிரேமைச் சந்தேகப்பட்டார், அதையும் மாற்றினார். லென்ஸ் அனுப்பிய கம்பெனிக்காரனை போனில் கிழித்தார், அவன் நல்லவன், மன்னிப்புக் கேட்டான். வெயிலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று சட்டைப் பையில் கண்ணாடியாகவே குலுங்கியது. ஒரு நாள் கடை மேசையில் இருந்த டீ டம்ளரை எடுக்கப் போய்க் காற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். டம்ளர் பக்கத்திலேயே ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே தன் கடையின் எழுத்துப் பலகைக்கு முன் தானே உட்கார்ந்து பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் கடைசி வரியின் பொடி எழுத்தைக்கூடத் தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. வாசலில் முழம் உயரத்துக்கு எழுதி வைத்த ‘வாருங்கள்’தான் பிடிபடவில்லை. வா வந்தால் ரு இல்லை, ரு-வைப் பிடித்தால் வா போய்விட்டது, ங்கள் எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியாது. கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு ரெண்டும் கன ஜோரா இருக்கு அண்ணாச்சி, நீங்க நரம்பு டாக்டரப் பாருங்க” என்றார். கன ஜோராம். ஜோரான கண்ணை வைத்துக்கொண்டு சட்டைக் கையைத் தேடுகிறேனே, அதற்கு என்ன பெயர்?

அதற்கும் ஒரு பெயர் இருந்தது. நரம்பு டாக்டரம்மா சின்னப் பெண், லோசனியை விட நாலைந்து வயசு கூட இருக்கலாம். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் அண்ணனுக்கு வந்த மறதி நோய்தான் உங்களுக்கும் என்றதும் காந்திமதிநாதனுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவரு காலையில தின்னது மத்தியானம் அவருக்கு ஞாபகம் இருக்காது. நான் அவரு கல்யாணப் பந்தியில போட்ட கூட்டு வரைக்கும் சொல்லுவேன், புடலங்கா, உப்பு பத்தல. ரெண்டும் ஒரே சீக்குன்னா எப்படிம்மா?” டாக்டரம்மா சிரித்தாள், நல்ல சிரிப்பு. “ஒரே சீக்குதான் சார். ரெண்டு பேர் மூளையிலயும் படியிற கசடு ஒண்ணுதான். அது எங்க மொதல்ல பலமாப் பிடிக்குதுங்கறதுதான் வேற. அவருக்குக் காதுக்கு உள்பக்கமா, புது ஞாபகத்தச் சேத்து வைக்கிற இடத்துல பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பின்மண்டையில. கண்ணு துண்டு துண்டா அனுப்புறத ஒட்டி ஒரு உருவமா ஆக்குற இடம் அது. சில பேருக்குப் பேச்சுல பிடிக்கும், சில பேருக்குக் குணத்துல.” ஏன் அவருக்கு அங்கே, எனக்கு இங்கே? “அதுதான் சார் எங்களுக்கும் முழுசாத் தெரியல. உங்கள மாதிரி கொஞ்சம் சீக்கிரமே வர்றவங்களுக்கு இப்படி வழி மாறுறது ஜாஸ்தி. பரம்பரைக் கூறு கொஞ்சம் இருக்கலாம். சின்ன வயசுலேயே யாருக்கு எந்த இடம் கொஞ்சம் தளர்ந்து இருந்துச்சோ அங்க பிடிக்குதோன்னு ஒரு சந்தேகமும் இருக்கு, இன்னும் நிரூபிக்கல.” வாழ்நாள் முழுக்க ஊர்க் கண்ணையெல்லாம் உற்றுப் பார்த்ததால் தேய்ந்துவிட்டதோ என்று கேட்டார். அதெல்லாம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தார். அவர் கடையில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. தெரியாவிட்டால் பவர் கூடியிருக்கிறது என்பார்.

அந்தச் சின்ன வயசுச் சந்தேகம்தான் மனசில் போய்ச் சிக்கிக்கொண்டது, இன்றுவரை கழலவில்லை. இதோ, நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிறார், ஜவ்வாது வாசனை ஒன்று நடந்து போகிறது, அது மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருக்க வேண்டும், காலையில் கட்டிப் பிடித்தாரே, ஆனால் மனசு மட்டும் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியா படம் வரையச் சொன்னால் இலங்கையைக் கேரளாவுக்குப் பக்கத்தில் போட்டது அவர்தான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டு அம்மாவிடம் அடி வாங்கியது அவர்தான். அப்படியானால் பின்மண்டை அப்போதே கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருந்ததோ? அண்ணாச்சி மட்டும் என்ன, தேரோட்டத்துக்குத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டு, வடத்தைப் பிடித்த உற்சாகத்தில் தம்பியை மறந்து தனியாக வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர்தானே. அம்மா, “தம்பிய எங்கல?” என்று கேட்டதற்கு, “எந்தத் தம்பி?” என்றாராம். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு உடனே உதைத்தது. செருப்பை மாற்றிப் போடாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? தேரோட்டத்தில் தம்பியைத் தொலைக்காத அண்ணன்தான் யார்? அவர்களுக்கெல்லாம் வரவில்லையே. ஒரே வயிறு, ஒரே கிணற்றுத் தண்ணி, ஒரே சட்டியில் தின்ற சோறு, கடைசியில் மூளையில் மட்டும் ஆளுக்கு ஒரு அறையை இடித்திருக்கிறது. இப்படி இடித்துக்கொண்டே போனால் ஒரு நாள் அடுத்த அறைக்கும் வருமே, என்னிடம் ஞாபகத்துக்கும் அவரிடம் எழுத்துக்கும் வருமே என்ற நினைப்பு மெல்லத் தலையைத் தூக்கியது. அதை அப்படியே அமுக்கினார். இன்றைக்கு வேண்டாம். இன்றைக்குப் பத்திரிகை.

பத்திரிகைக்கு ஆவுடையம்மாள் ஒரு வழி செய்திருந்தாள். காலையில் உள்ளி உரித்துக்கொண்டே அவள் வாசிக்க, அவர் மனப்பாடம் செய்தார். நிகழும் மங்களகரமான என்று தொடங்கி இரண்டு வீட்டுத் தாத்தாக்களையும் கடந்து முடிகிற வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் வந்துவிட்டது. ஞாபகத்துக்கு என்ன குறை, ராஜா மாதிரி இருக்கிறது. “அண்ணாந்து மோட்டப் பாத்து ஒப்பிக்காதீங்க, பேப்பரப் பாத்துத் தலைய லேசா ஆட்டுங்க” என்று அதற்கும் ஒத்திகை நடந்தது. மேல் பக்கம் எது என்று தெரிய வேண்டுமே, தாளின் பின்னால் மேல் மூலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். கட்டைவிரலில் பொட்டு தட்டுப்பட்டால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாள் இப்போது மடியில் இருக்கிறது. விரல் பொட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பக்கம் வளையல் சத்தம், அதற்குள் ஒரு சிரிப்பு, லோசனி வந்துவிட்டாள். பார்த்தார். ஒரு தோடு தெரிந்தது. பிறகு கொஞ்சம் பச்சைப் பட்டு. பிறகு மல்லிகை. தோடு எந்தக் காதில், காது எந்த முகத்தில் என்று சேர்வதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது. மகள் அலங்காரம் செய்து உட்கார்ந்திருக்கிறாள், முழுசாகப் பார்க்க முடியவில்லை. அந்த வேதனையை என்னவென்று சொல்வது. கண்ணை மூடினார். மூடினதும் முகம் வந்துவிட்டது, பல் விழுந்த முகம், அம்மை போட்ட முகம், போன வாரம் சண்டை போட்ட முகம், எல்லாம் மொத்தமாக. அதில் போன வாரத்து முகத்துக்குப் பச்சைப் பட்டையும் மல்லிகையையும் தானே வைத்துவிட்டார். அழகாகத்தான் இருந்தாள்.

“சம்பந்தி, ஒரு சின்ன மாத்தம்.” ஆறுமுகநயினாரின் குரல், மாப்பிள்ளையின் அப்பா, தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. “அந்த நாளு பையனுக்குச் சந்திராஷ்டமமாம், நேத்துதான் எங்க சோசியரு பாத்துச் சொன்னாரு. அதே ஆவணிதான், நாளும் லக்னமும் மட்டும் வேற. உங்க வீட்டம்மா தாம்பூலத் தட்டு வேலையா இருந்தாங்க, அதான் நானே புதுசா எழுதிக் கொண்டாந்துட்டேன். இதப் படிச்சிருங்க.” கையில் இருந்த தாள் போய் வேறு தாள் வந்தது. கட்டைவிரல் நாலு மூலையையும் தேடியது. மஞ்சள் இருந்தது, பொட்டு இல்லை. எந்த நாள், எந்த லக்னம் என்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். கேட்டால், தாளில்தான் இருக்கிறதே என்பார்கள். அதற்குள் நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் என்று யாரோ தோளைத் தொட்டார்கள். எழுந்தார். கால் ஜமுக்காளத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நிகழும் மங்களகரமான வருஷம் என்று தொடங்கியதும் குரல் கணீரென்று வந்தது, அவருக்கே ஆச்சரியம். லேசாகத் தலையை ஆட்டினார். ஆவணி மாதம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. அதற்கு மேல் புது நாள். தாளைப் பார்த்தார். எறும்பு. ஒரு எறும்பைப் பிடித்தால் இன்னொன்று ஓடுகிறது, எதற்கும் தலை தெரியவில்லை, வால் தெரியவில்லை. சபை காத்திருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது, ஆனால் வாசலுக்கு முன்னால் அந்தக் குழி வேறு இருக்கிறது.

“தலகீழா வச்சிக்கிட்டு என்னல படிக்கே? குடு இங்க.” அண்ணாச்சி எழுந்து தாளைப் பிடுங்கினார், திருப்பினார், படித்தார். ஆவணி மாதம் இருபத்தொன்பதாம் தேதி என்று அவர் குரல் எழும்பியதும் பந்திப் பக்கம் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். நட்சத்திரம், லக்னம், தாத்தாக்கள், பேரன், பேத்தி, ஒரு எழுத்து தட்டவில்லை. எல்லாம் முடிந்ததும், தாளில் இல்லாததையும் சேர்த்து, “மேற்படி வாசகத்தைப் படிக்கக் கேட்டு, சரி என ஒப்புக்கொண்டு, முழு மனதுடன் கையெழுத்திடுகிறோம்” என்று முடித்துவிட்டுச் சபையைப் பார்த்தார். “சாட்சி ரெண்டு பேரு யாருய்யா? முன்னால வாங்க.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே மாப்பிள்ளையின் சித்தப்பா, “கண்ணாடிக் கடைக்காரரு கண்ணாடிய மாத்திப் போட்டுட்டு வந்துட்டாரு போல” என்றார். ஆவுடையம்மாள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். “ஆமாண்ணே, அவசரத்துல பழைய கண்ணாடி. அந்த லென்சு சரியில்ல.”

அவ்வளவுதான், தப்பித்தாயிற்று. தலையை ஆட்டினால் போதும். வேறு எந்தப் பொய்யாக இருந்தாலும் காந்திமதிநாதன் தலையை ஆட்டியிருப்பார். தூக்கம் இல்லை, பித்தம், வெயில், எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். என் கடை லென்ஸ் சரியில்லையா? மாப்பிள்ளை வீட்டார் முன்னால், டவுன்காரர்கள் பாதிப் பேர் முன்னால், நான் பார்த்துப் பார்த்துப் போட்ட கண்ணாடி மேல் பழியா? பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ரோஷம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

“கண்ணாடி சரியாத்தான் இருக்கு” என்றார். “நான் போட்ட கண்ணாடி தப்பாப் போகாது. மண்டைதான் சரியில்ல. அண்ணாச்சிக்கு உள்ள சீக்குதான் எனக்கும். அவருக்கு எழுத்து வரும், ஞாபகம் நிக்காது. எனக்கு ஞாபகம் நிக்கும், எழுத்து வராது. ஒரே சீக்கு, ஆளுக்கு ஒரு பக்கமாப் பிடிச்சிருக்கு. முன்னாலேயே சொல்லிருக்கணும். பயந்துட்டேன்.”

ஆவுடையம்மாளின் மூச்சுச் சத்தம் இந்தத் தடவை கேட்கவே இல்லை. வளையல் சத்தம் கிட்டே வந்தது. “எங்கிட்டக் கண்ணுன்னுலா சொன்னீங்க?” என்றாள் லோசனி, குரல் உடைந்து. “கண்ணு வழியாத்தான மக்கா மொதல்ல தெரிஞ்சுது” என்றார். அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“அப்ப பிள்ளையளுக்கும் வருமா?” மாப்பிள்ளையின் அம்மா சொர்ணத்தம்மாள் கேட்டாள். யாரும் அவளை அடக்கவில்லை.

“வரலாம், வராமலும் போகலாம். எல்லாருக்கும் நேரா எறங்குற வகை ரொம்ப அபூர்வமாம், எங்களோடது அப்படித் தெரியலைன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா சத்தியம் பண்ண அவங்களால முடியல. என்னாலயும் முடியாது.”

சொர்ணத்தம்மாள், “என்னங்க, நாமளும் சொல்லிருவமா?” என்றாள். ஆறுமுகநயினார் தொண்டையைக் கனைத்தார், கரகரப்பு போகவில்லை. அவளே சொன்னாள். “எங்க வீட்டுல தலைமொறை தலைமொறையாச் சக்கர. இவுகளுக்கு, இவுக தம்பிக்கு, எனக்கு. பையனுக்கும் போன மாசம் பாத்தோம், தொடக்கத்துல இருக்குன்னுட்டாங்க. உங்களுக்குச் சந்தேகம் வந்துரக் கூடாதேன்னு காலையில இருந்து நான் லட்டா முழுங்கிக்கிட்டு இருக்கேன். தல கிறுகிறுன்னு வருது.”

முதலில் சிரித்தது ஆவுடையம்மாள்தான். அடக்கி வைத்த ஒரு வருஷமும் சேர்ந்து வந்ததால் அது பாதியில் அழுகையாகி மறுபடியும் சிரிப்பானது. “ஏட்டி லோசனி, ஒனக்குச் சம்மதமா?” என்று யாரோ கேட்டார்கள். “அவுகளுக்குச் சக்கர இருக்குன்னு அவுகளே போன வாரம் எங்கிட்டச் சொல்லிட்டாக” என்றாள் லோசனி. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. “நல்ல நேரம் போகுது, தட்ட மாத்துங்க” என்றது சபை.

காந்திமதிநாதன் கையை நீட்டினார். காற்றுதான் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நீட்டினார், அங்கேயும் காற்று. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இந்தத் தடவை வரவில்லை. கரகரத்த தொண்டை ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு மணிக்கட்டையும் மெதுவாகப் பிடித்து, தாம்பாளத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தது. வெற்றிலை வாசனை, தேங்காயின் கனம், பித்தளையின் குளிர்ச்சி, எல்லாம் ஒரே சமயத்தில் முழுசாக வந்தது.

“பிடிச்சிட்டீங்களா சம்பந்தி?”

“பிடிச்சிட்டேன்.”

“அப்ப நான் விடட்டுமா?”

“விடாதீங்க” என்றார் காந்திமதிநாதன். “நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க.”

ஆறுமுகநயினார் விடவில்லை.